அத்தை உட்காரும் இடம்

வீட்டு வரைபடத்தைக் கையில் கொடுத்தால் யாரும் முதலில் சுவரைப் பார்ப்பதில்லை. சோபாவைத்தான் பார்க்கிறார்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் இன்ஜினீயர் அலுவலகத்தில் பல வருடங்களாகப் பிளான் வரைகிறேன். இந்தத் தொழிலில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், பீம் எங்கே வருகிறது என்று இன்ஜினீயர் சார் தொண்டை வற்ற விளக்கிக்கொண்டிருப்பார். வந்தவரோ தாளின்மேல் விரலை வைத்து, தான் உட்காரப்போகிற இடத்தைத் தேடிக்கொண்டிருப்பார். கிடைத்துவிட்டால் முகம் மலர்ந்துவிடும். "இங்க குந்துனா டிவி நேரா தெரியுமா?" என்று கேட்பார். தெரியும் என்று சொல்லிவிட்டால் பிளான் ஓகே.

அதனால் சுவர், தூண், கதவு, ஜன்னல் எல்லாம் முடித்த பிறகு கடைசியாக நான் சாமான்களைப் போடுவேன். மூன்று பேர் சோபா, இரண்டு பேர் சோபா, ஒற்றை சோபா, திவான், ஊஞ்சல், சாப்பாட்டு மேசை எல்லாம் கம்ப்யூட்டரில் தயாராகக் கிடக்கும். எடுத்து வைக்கவேண்டியதுதான். சார் இதை "பூ வைக்கிற வேலை" என்பார். கோட்டில் மட்டும் ஒரு கவனம் வேண்டும். கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றுக்கும் ஒரு லேயர் உண்டு. சுவர் லேயரில் வரைந்தால் தடித்த கோடாக அச்சாகும், சாமான் லேயரில் வரைந்தால் மெல்லிய கோடாக அச்சாகும். தடித்த கோடு என்றால் செங்கல் வைத்துக் கட்டவேண்டியது. மெல்லிய கோடு என்றால் பிறகு கடையில் வாங்கிப் போட்டுக்கொள்வது. எல்லா மேஸ்திரிக்கும் இது தெரியும்.

யார் எங்கே உட்காருவது என்பதில் வீட்டுக்கு வீடு ஒரு நியாயம் இருக்கிறது. காடாம்புலியூரிலிருந்து வந்த ஒருவர் ஹாலில் நான் போட்டிருந்த சோபாவைப் பார்த்துப் பதறிவிட்டார். "இத மொதல்ல எடுங்க. முந்திரி மூட்ட வந்து எறங்குச்சின்னா எங்க போடுறது?" என்றார். எடுத்துவிட்டேன். அவருக்கு மூட்டைதான் இருக்கை, அதன்மேல் சாய்ந்துகொண்டுதான் டிவி பார்ப்பாராம். கடற்கரைப் பக்கத்து முஸ்லிம் குடும்பம் ஒன்று வந்தது. வீட்டுக்காரர் வளைகுடாவில் இருந்தபடி வீடியோ காலில் பேசினார். முன்னால் ஆண்களுக்கு ஒரு ஹால், உள்ளே பெண்களுக்கு ஒரு ஹால், பெரிய சோபா முன் ஹாலுக்கு என்று விவரமாகச் சொல்லிவிட்டு வைத்தார். போன் அணைந்ததும் அந்த அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு என்னிடம் சொன்னார்: "பெரிய சோபாவ உள்ள போட்டுடும்மா. அவுங்க வர்றது ரெண்டு வருசத்துக்கு ஒருவாட்டி. நாங்கதான் தெனம் குந்துறோம்." எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. உடனே மாற்றிக் கொடுத்தேன்.

சாயங்காலம் பஸ் பிடித்துச் சிதம்பரத்தில் இருக்கிற என் வீட்டுக்குப் போவேன். கடலூர் பஸ் நிலையத்தில் ஜன்னல் வழியாகக் கைப்பையை வீசி சீட்டுப் பிடிக்கிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. என் பையை நகர்த்திவிட்டு யாராவது உட்கார்ந்திருந்தால் சும்மா விடமாட்டேன். பஸ்ஸில் அப்படி வாய் கிழியப் பேசுகிறவள், வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியதும் வேறொருத்தியாகிவிடுவேன்.

அப்போது நாங்கள் இருந்தது ரயிலடிப் பக்கம் ஒரு வாடகை வீடு. என் கணவர், அவருடைய அப்பா, அம்மா, நான். கணவருக்கு சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. மாமனாரை மாமா என்றும் மாமியாரை அத்தை என்றும் கூப்பிடுவேன். குறிஞ்சிப்பாடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். மாமா மின்சாரத் துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் கம்பத்தின் மேல் நின்ற மனிதர், ஓய்வு பெற்ற அன்று ஹாலில் துணி போட்ட ஈசிசேரில் சாய்ந்தார். சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் தவிர எழுந்த மாதிரி எனக்கு நினைவில்லை.

அந்த ஹாலில் ஈசிசேரைத் தவிர ஒரு மர பெஞ்சும் அடுக்கி வைத்த பிளாஸ்டிக் சேர்களும் இருந்தன. மாமா ஹாலில் இருக்கும்போது அத்தை அவற்றில் எதிலும் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. சமையலறை வாசலை ஒட்டித் தரையில் ஒரு மணைக்கட்டையைப் போட்டு உட்காருவார். அங்கிருந்தே டிவி பார்ப்பார், கீரை ஆய்வார், வந்தவர்களிடம் பேசுவார். புருஷனும் மாமனாரும் உட்கார்ந்திருக்கிற இடத்தில் பெண்கள் சரிசமமாக நாற்காலி போட்டு உட்காருவதில்லை என்பது அந்தக் குடும்பத்துப் பழக்கம். யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. சொல்லாமலே கல்யாணமான ஒரு வாரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. நான் வாசலின் இன்னொரு பக்கம் நிற்பேன். பகல் முழுக்க அலுவலகத்தில் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து முதுகு நொந்துபோனவளுக்குக் கொஞ்ச நேரம் நிற்பது நல்லதுதான் என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

பிறகு அத்தைக்கு முட்டி போய்விட்டது. கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. ஒரு கையால் கதவுநிலையைப் பிடித்துக்கொள்வார், இன்னொரு கையைப் பிடித்து நான் தூக்கிவிடவேண்டும். கடலூரில் எலும்பு டாக்டரிடம் அழைத்துப்போனேன். அவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இனிமேல் தரையில் உட்காரவே கூடாது, நாற்காலியில்தான் உட்காரவேண்டும், அதுவும் கொஞ்சம் உயரமான நாற்காலி என்றார். அத்தை மகா சாதுவாகத் தலையை ஆட்டினார்.

அந்தத் தலையாட்டலில் பாதியைத்தான் அவர் கடைப்பிடித்தார். தரையில் உட்காருவதை விட்டுவிட்டார். நாற்காலியில் உட்காருவதை ஆரம்பிக்கவில்லை. மாமா எப்போதும் ஹாலில் இருந்தார், ஆகையால் அத்தை எப்போதும் நின்றார். சமையலறைக் கதவுநிலையில் தோளைச் சாய்த்து, ஒரு காலில் பாரத்தைப் போட்டு, பிறகு அடுத்த காலுக்கு மாற்றி. சீரியல் ஆரம்பித்து முடியும்வரை அப்படியே நிற்பார். அவர் தலை படுகிற இடத்தில் நிலைக்கட்டையில் எண்ணெய்க் கறை ஏறியிருந்தது. சாப்பாடுகூட அடுப்பு மேடை ஓரம் நின்றபடிதான். இரவானால் கணுக்கால் இரண்டும் வீங்கிக் கிடக்கும்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். அத்தை மேலா, மாமா மேலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. சமையலறைக்குள் போட்டு உட்காரட்டும் என்று உயரமான ஸ்டூல் ஒன்று வாங்கி வந்தேன். மறுநாள் அதன்மேல் அரிசிப் பானை உட்கார்ந்திருந்தது. கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று வாங்கினேன். அதில் துவைத்த துணி மடித்துவைக்கப்பட்டது. "ஏன் அத்தை இப்படிப் பண்றீங்க?" என்று கேட்டால், "பழக்கமில்லம்மா, அதான்" என்பார்.

மாமாவைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அத்தைக்கு மாத்திரை தீர்ந்துவிட்டால் மட்டும் ஈசிசேரை விட்டு எழுந்து, வெயிலில் நடந்துபோய் வாங்கிவருகிறவர் அவர்தான். நான் புலம்புவது காதில் விழுந்தால் ஈசிசேரில் இருந்தபடியே குரல் கொடுப்பார்: "இந்தா, சேர்ல குந்தேன். யாரு ஒன்ன வேணான்னது?" அத்தை உள்ளிருந்து, "ஆமாமா, குந்துறேன் குந்துறேன்" என்பார். மாமாவுக்கு அத்தோடு கடமை முடிந்துவிடும். வேண்டாம் என்று யாருமே சொல்லாத ஒன்றை எப்படி எதிர்த்துச் சண்டை போடுவது என்று எனக்கும் தெரியவில்லை.

இந்தச் சமயத்தில்தான் சிதம்பரத்துக்கு வெளியே நாங்கள் வாங்கிப்போட்டிருந்த மனையில் வீடு கட்ட முடிவானது. பிளான் நான்தான் வரையவேண்டும் என்று யாரும் கேட்கக்கூட இல்லை. டெய்லர் வீட்டுக் கல்யாணத்துக்கு வெளியில் போய்த் துணி தைப்பார்களா? எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. பழைய வீட்டில் மாற்ற முடியாததைப் புது வீட்டில் வரைந்தே மாற்றிவிடலாம். அத்தை உட்காருவதற்கு ஓர் இடம், அவர் மறுக்க முடியாத மாதிரி. அந்த வீட்டில் எனக்கு வேறு ஆசையே இருக்கவில்லை. டைல்ஸ் நிறத்தைக்கூடக் கணவரிடம் விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பிளானை அச்செடுத்து வந்து ஹாலில் மர பெஞ்சின்மேல் விரித்தேன். மாமா ஈசிசேரிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "என் சேரு எங்க வருது?" என்றார். காட்டினேன். விரலை அங்கே வைத்து அழுத்திப் பார்த்தார், தாளுக்கு அடியில் பள்ளமா மேடா என்று பார்க்கிறவர் மாதிரி. கணவர் டிவி எங்கே என்று தேடினார். அத்தை வழக்கமான இடத்தில் சாய்ந்து நின்றுகொண்டு எட்டிப் பார்த்தார்.

"அடுப்பு கெழக்க பாக்குதா?"

"பாக்குது அத்தை."

"அவுரு குந்துற எடத்துல காத்து வருமா?"

"வரும் அத்தை, தெற்கால ஜன்னல் இருக்கு."

"அப்ப சரி."

அவ்வளவுதான் அவருக்கு அந்த வீட்டைப் பற்றித் தெரியவேண்டியிருந்தது. நான் விடவில்லை. "நீங்க எங்க உக்காருவீங்க? அதச் சொல்லுங்க, வரைஞ்சிடறேன்" என்றேன்.

அத்தை சிரித்தார். "எனுக்கென்னா, எங்கியாச்சும் நின்னுக்கிட்டா போச்சி" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் வீட்டுப் பிளானைத் திறந்து வைத்துக்கொண்டேன். தயாராக இருந்த சோபா எதுவும் சரிவரவில்லை. சோபா தாழ்வு, உட்கார்ந்தால் உள்ளே வாங்கிக்கொள்ளும், முட்டி போனவர்களால் எழ முடியாது. பெஞ்சு நீளம். ஊஞ்சல் ஆடும், அத்தை பயப்படுவார். கடைசியில் நானே கையால் ஒரு சதுரம் போட்டேன். ஹாலில், சமையலறை வழிக்கு ஒட்டினாற்போல், சுவரில் முதுகு சாய்கிற மாதிரி, டிவி நேராகத் தெரிகிற மாதிரி, ஒருவர் உட்காருகிற அளவு. மாமாவின் ஈசிசேருக்கு எதிரே. அந்த இடத்துக்கு அளவெடுத்து ஆசாரியிடம் சொல்லி உயரமான நாற்காலி ஒன்று செய்து வைத்துவிட்டால், குடிபோகும்போது சாமானோடு சாமானாக அது வந்துவிடும் என்பது என் திட்டம். யாரிடமும் சொல்லவில்லை. அச்செடுத்து மேஸ்திரிக்கு அனுப்பினேன்.

தயாராக இருக்கிற சோபாவை எடுத்து வைத்தால் அது தானாகச் சாமான் லேயரில் போய் உட்காரும். கையால் வரைந்தால், அந்த நேரத்தில் எந்த லேயர் திறந்திருக்கிறதோ அதில் விழும். அன்று திறந்திருந்தது சுவர் லேயர். தொழிலுக்கு வந்த புதிதில் பிள்ளைகள் செய்கிற தப்பு. புதிதாகச் சேருகிறவர்களை நானே இதற்காகத் திட்டியிருக்கிறேன். அது வேண்டுமென்றே செய்ததுதான் என்று என் கணவர் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். சத்தியமாக இல்லை. அவ்வளவு சாமர்த்தியம் எனக்கு இருந்திருந்தால் பழைய வீட்டிலேயே காட்டியிருப்பேன்.

வேலை ஆரம்பித்து சுவர் எழும்பியது. மாமா தினமும் போய், எதிரே பூவரச மர நிழலில் நின்று, உள்ளே போகாமலே மேற்பார்வை பார்ப்பார். நானும் அடிக்கடி போய்வருவேன். மழைக்கு முன் அஸ்திவாரம் போட்டுவிடவேண்டும் என்று வீடு கட்டுகிறவர்கள் எல்லாரும் எங்கள் அலுவலகத்துக்கு ஓடிவந்த சமயத்தில் மட்டும் சில நாள் என்னால் போக முடியவில்லை. அப்போதுதான் மேஸ்திரியிடமிருந்து போன் வந்தது.

"மேடம், அந்த மேடைக்கு மேல கிரானைட் போடுறதா, டைல்ஸே ஒட்டிடலாமா?"

"சமையல் மேடையா? கிரானைட்தான் சொன்னேனே."

"அது இல்ல மேடம். ஹால்ல இருக்கே, அந்தக் குட்டி மேடை."

"ஹால்ல ஏதுங்க மேடை?"

"என்னா மேடம் நீங்களே இப்பிடி கேக்குறீங்க? பிளான்ல போட்டிருக்கீங்களே, செவுத்துக் கோடாவே. கட்டி முடிச்சாச்சி. ஒசரம் போடல, நானா ஒரு அளவு வெச்சி ஏத்திட்டேன். பூந்தொட்டி வெக்கத்தான?"

போனைப் பிடித்தபடியே கம்ப்யூட்டரில் பிளானைத் திறந்தேன். மெல்லிய கோடுகளில் எல்லாரும் நாகரிகமாக உட்கார்ந்திருந்த ஹாலில், அத்தையின் சதுரம் மட்டும் கோட்டைச் சுவர் மாதிரி தடித்துக் கிடந்தது. "ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா?" என்று மேஸ்திரியிடம் கத்தினேன். "வேற யாரு பிளானா இருந்தாலும் கேட்டிருப்பேன். நீங்களே வரையிற ஆளு, ஒங்ககிட்ட போயி கேட்டா நல்லாவா இருக்கும்?" என்றார். சார் பக்கத்து மேசையிலிருந்து எட்டிப் பார்த்தார். திரையை மறைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறு நாங்கள் நால்வரும் ஆட்டோவில் போனோம். புது வீட்டுக்கு அத்தை அன்றுதான் முதல்முறையாக வருகிறார். தெருவில் ஜல்லி, வாசலில் மணல், படிக்குப் பதிலாக ஒரு பலகை. என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அடியாக வைத்தார். மாமா முன்னால் போய்விட்டார். நாங்கள் வாசலைத் தாண்டும்போதே உள்ளே அவர் குரல் எதிரொலித்தது.

"என்னாய்யா இது, ஹாலுக்குள்ள துளசி மாடம் கட்டி வெச்சிருக்க?"

"மேடம்தான் பிளான்ல போட்டிருந்தாங்க சார்."

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "தவறிப்போச்சு மாமா. கோடு மாறிடுச்சு" என்றேன். முகம் எரிந்தது.

"தவறுனா என்னா, இடிச்சிடச் சொல்லு. நடக்குற வழியில எதுக்கு?" கோபமெல்லாம் இல்லை. உடைந்த ஓடு ஒன்றை மாற்றச் சொல்கிற மாதிரி சொன்னார். "ஒரு டீ குடிக்கிற நேரந்தான் சார்" என்று மேஸ்திரி சுத்தியல் எடுக்கப் பின்பக்கம் போனார். போகிற போக்கில் ஆட்கள் வைத்திருந்த ஒரே பிளாஸ்டிக் சேரைத் துண்டால் தட்டி மாமாவுக்குப் போட்டார். மாமா அதை நகர்த்தி, பிளானில் தன் விரலை வைத்து அழுத்திய அதே இடத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தெற்கு ஜன்னலிலிருந்து காற்று வந்தது. திருப்தியாகக் காலை நீட்டிக்கொண்டார்.

அத்தை சமையலறை வழிக்குப் போய் நின்றார். பழக்கத்தில் தோளைச் சாய்க்கப் போனார். சாய எதுவும் இல்லை. அந்த வழிக்குக் கதவு வேண்டாம் என்று நான் திறப்பாகவே விட்டிருந்தேன், அதனால் நிலை கிடையாது. ஓரம் முழுக்க அன்று காலை பூசிய ஈரச் சிமெண்ட். அத்தை கையை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்தார், விரலில் சாம்பல் நிறம் ஒட்டிக்கொண்டது. ஒரு காலில் நின்றார். அடுத்த காலுக்கு மாற்றினார். ஆட்டோவில் குலுங்கி, ஜல்லியில் நடந்து வந்த கால்கள், இரண்டுமே தாங்கவில்லை. நான் பிடிக்கலாம் என்று நெருங்கினேன்.

அதற்குள் அத்தை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அந்த மேடைமேல் உட்கார்ந்துவிட்டார்.

கணவர் என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். மாமா அத்தையைப் பார்த்தார். இருவரும் எதிரெதிரே, ஒரே மட்டத்தில். அவர்கள் கல்யாண போட்டோவில்கூட மாமா உட்கார்ந்திருப்பார், அத்தை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அத்தை ஒரு பெருமூச்சு விட்டு முட்டியை நீவிக்கொண்டார். பிறகுதான் எல்லாரும் தன்னைப் பார்ப்பது தெரிந்தது.

"என்னா பாக்குறீங்க? இது ஒண்ணும் நாக்காலி இல்ல. செவுரு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இத்தனை நாளாக எத்தனை விதமான நாற்காலியைக் கொண்டுவந்து கொட்டினேன்! நாற்காலி என்று பெயர் இல்லாத ஒன்று அவருக்குத் தேவைப்பட்டிருக்கிறது. அதை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை, கோடு மாறிக் கிடைத்தது.

மேஸ்திரி சுத்தியலோடு உள்ளே வந்தார். "அம்மா செத்த எழுந்திரிச்சீங்கன்னா இடிச்சிடுவேன்" என்றார்.

அத்தை எழுந்திருக்கக் கையை ஊன்றினார். அப்படித்தான் அவர், சொன்னால் உடனே எழுந்துவிடுவார். மாமா உட்கார்ந்த இடத்திலிருந்து கையை நீட்டி மேஸ்திரியை நிறுத்தினார்.

"நில்லுய்யா. அவ குந்தியிருக்கா, தெரியல?"

மேஸ்திரி சுத்தியலைக் கீழே வைத்தார். மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார், அது சுத்தமாகத்தான் இருந்தது. யார் வேண்டாம் என்றது என்று இத்தனை வருடமும் கேட்டுக்கொண்டிருந்தவர், முதல்முறையாக வேண்டும் என்று சொல்லிவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. நான் ஜெயித்துவிட்டேன் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

அத்தை மறுபடி நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தார். கூரை, ஜன்னல், மாமா, டிவி வரப்போகிற சுவர். கடைசியாக அண்ணாந்து என்னைப் பார்த்தார். நான் சமையலறை வழியில், அவர் பக்கத்தில், ஒரு காலில் பாரத்தைப் போட்டு நின்றுகொண்டிருந்தேன். அப்படி நிற்கிறேன் என்பது அவர் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

அத்தை மேடையின் ஓரத்தைக் கையால் தடவினார். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து, காலியாக இருந்த தரைக்குச் சாண் போட்டார்.

"மேஸ்திரி, இத இந்தாண்ட இன்னும் செத்த நீட்டி கட்ட முடியுமா?"

"முடியும்மா. எதுக்கு?"

"இவ எங்க குந்துவா?"

அந்த வீட்டில் எல்லாருக்கும் இடம் போட்டிருந்தேன். மாமாவின் ஈசிசேர், கணவருக்கு டிவிக்கு நேராக சோபா, வருகிறவர்களுக்கு திவான், அத்தைக்கு யாருக்கும் தெரியாமல் ஒரு சதுரம். எனக்கு எதுவும் போடவில்லை. ஊரெல்லாம் தாளில் விரலை வைத்துத் தன் இடத்தைத் தேடுவதைப் பார்த்துப் பழகியவள், என் வீட்டுத் தாளில் என் விரலை ஒரு தடவைகூட வைக்கவில்லை. அந்த நேரத்திலும் தொழில் புத்திதான் முதலில் கைகொடுத்தது. அந்தப் பக்கம் பெட்ரூம் கதவு, இந்தப் பக்கம்தான் நீட்டவேண்டும், நீட்டினால் நான் நிற்கிற இடத்தை அது அடைத்துவிடும்.

"வழி குறுகிடும் அத்தை" என்றேன்.

"குறுகட்டுமே. இனிமே அங்க யாரு நிக்கப்போறா?"

மறுநாள் அலுவலகத்தில் பிளானைத் திறந்து திருத்தினேன். அந்தச் சதுரத்தைப் பிடித்து இருவர் உட்காருகிற நீளத்துக்கு இழுத்தேன். லேயரை மாற்றவில்லை, சுவராகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.